நஹ்வும் உஸூலும்: யாரிடமிருந்து யார் கற்றார்கள்?

கேள்வி இதுதான்: அரபு மதரஸாக்களில் முதல் சில ஆண்டுகள் முழுக்க நஹ்வும் (வாக்கிய இலக்கணம்) ஸர்ஃபும்தான் (சொல் இலக்கணம்) ஓடுகின்றன. சட்டம் எப்படி வகுக்கப்படுகிறது என்று சொல்லும் உஸூலுல் ஃபிக்ஹு அதற்கு அப்புறம்தான் வருகிறது. அரபு நூலைப் படிக்க அரபு இலக்கணம் வேண்டும், சரி. அதைத் தாண்டி இலக்கணத்துக்கும் சட்டக் கோட்பாட்டுக்கும் ஏதாவது உறவு உண்டா? எது எதிலிருந்து வந்தது?

உறவு உண்டு, அதுவும் மிக நெருக்கமான உறவு. இறைவசனத்தை எப்படி வாசிப்பது என்பதைச் சட்ட அறிஞர்கள் இலக்கணத்திடம் கற்றார்கள். ஒரு விதியை எந்த ஆதாரத்தின் மேல் நிறுத்துவது என்பதை இலக்கண அறிஞர்கள் சட்டத்திடம் கற்றார்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இலக்கணப்படி பார்த்தால் இந்த மத்ஹபுதான் (சட்டப் பள்ளிதான்) சரி' என்று அடித்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் அனுபவத்தில், நஹ்வை ஆழமாகப் படிக்கப் படிக்க அப்படிப் பேசும் துணிச்சல் குறைகிறது. ஏன் என்பதைக் கீழே ஒரு வசனத்தை வைத்துக் காட்டுகிறேன்.

முதலில் ஒரு கதை. அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் அவை. ஒரு பக்கம் ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரும் தலைமைக் காஜியுமான (நீதிபதியுமான) அபூ யூசுஃப். மறுபக்கம் இராக்கின் கூஃபா இலக்கணப் பள்ளியின் பேரறிஞர் கிஸாஈ. குர்ஆன் ஓதல் முறையின் ஏழு இமாம்களில் இவரும் ஒருவர். நஹ்வின் அருமையைக் காஜிக்குப் புரியவைக்க நினைத்த கிஸாஈ கேட்கிறார்: ஒருவன் 'அன காதிலு குலாமிக' என்கிறான், இன்னொருவன் 'அன காதிலுன் குலாமக' என்கிறான். இவர்களில் யாரைப் பிடிப்பீர்கள்? 'இருவரையும்தான்' என்கிறார் காஜி. 'தவறு' என்று குறுக்கே வருகிறது கலீஃபாவின் குரல். முதலாமவனைத்தான் பிடிக்க வேண்டும். அவன் சொன்னது 'உன் பையனைக் கொன்றவன் நான்'. இரண்டாமவன் சொன்னது 'உன் பையனைக் கொல்லப்போகிறவன் நான்'.

தமிழில் இந்தக் குழப்பமே வராது. கொன்றவன், கொல்கிறவன், கொல்பவன் என்று வினையாலணையும் பெயருக்குள்ளேயே காலம் உட்கார்ந்திருக்கிறது. அரபியின் 'காதில்' என்ற சொல்லில் காலம் கிடையாது. அடுத்த சொல்லோடு அது எப்படிச் சேர்கிறது, கடைசி எழுத்தில் பேஷா ('உ' ஒலி), ஜபரா ('அ' ஒலி), ஜேரா ('இ' ஒலி) என்பதை வைத்துத்தான் பொருள் பிரிகிறது. தமிழில் 'ஐ', 'கு' என்ற வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையை அங்கே பெரும்பாலும் ஒரு குறில் உயிரொலி செய்கிறது. சாதாரண எழுத்தில் அதை எழுதுவதுகூட இல்லை.

இந்தக் கதையில் ஒரு நெருடல் உண்டு. தன்வீனோடு (இறுதி 'ன்' ஒலியோடு) வரும் 'காதிலுன்' போன்ற வடிவம் இறந்தகாலப் பொருளிலும் செயப்படுபொருளை ஏற்கலாம் என்பதே கிஸாஈயின் சொந்தக் கருத்து என்று இலக்கண நூல்கள் சொல்கின்றன. குகைத் தோழர்களின் நாய் முன்கால்களை விரித்துப் படுத்திருந்ததைச் சொல்லும் 18:18 வசனமே அவர் தரப்பு ஆதாரம். அப்படியானால் இந்தக் கேள்வியை அவரே இப்படிக் கேட்டிருப்பாரா? கதையைச் சொன்னவர்கள் வழியில் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். கதை உண்மையோ இல்லையோ, ஒரு உயிரொலியில் ஒருவன் தலை போகலாம் என்பதைச் சட்ட அறிஞர்கள் மறக்கக் கூடாது என்று அந்தக் காலத்தவர் நினைத்தார்கள் என்பது மட்டும் தெளிவு.

மறக்கவும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலான 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவீ (1233–1277) எழுதியிருக்கும் ஒரு வரியைப் பாருங்கள். கணவன் மனைவியிடம் 'இன் தகல்தி' என்று, ஜேரோடு, சொன்னால் 'நீ வீட்டுக்குள் நுழைந்தால் உனக்குத் தலாக்'. நுழையும்வரை ஒன்றும் ஆகாது. 'அன் தகல்தி' என்று, ஜபரோடு, சொன்னால் 'நீ நுழைந்ததனால் உனக்குத் தலாக்'. அந்த நொடியே தலாக் விழுந்துவிடும். இதுவரை, நவவீ சுருக்கி எழுத எடுத்துக்கொண்ட மூல நூலின் சட்டம். அங்கே நவவீ தன் திருத்தத்தைச் சேர்க்கிறார்: சொன்னவன் நஹ்வு தெரியாதவனாக இருந்தால் 'அன்' என்று சொன்னாலும் நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவே மிகச் சரியான கருத்து. இலக்கணம் தெரியாத பாமரனின் குடும்பம் ஒரு உயிரொலித் தவறால் உடைந்துவிடக் கூடாது என்ற கவலை அந்த ஒரு வரியில் இருக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எது முதலில் வந்தது?

அரபு இலக்கணத்தின் முதல் பெருநூலை எழுதிய ஸீபவைஹி பாரசீகத்துக்காரர். இராக்கின் பஸராவுக்கு அவர் வந்ததே ஹதீஸும் (நபிமொழியும்) சட்டமும் படிக்கத்தான் என்கிறார்கள். ஹம்மாத் இப்னு ஸலமாவின் வகுப்பில் ஒரு ஹதீஸை வாசிக்கும்போது 'லைஸ அபத் தர்தா' என்று வர வேண்டிய இடத்தில் 'லைஸ அபுத் தர்தா' என்று வாசித்துவிட்டார். 'லைஸ' அந்த இடத்தில் 'தவிர' என்ற பொருளில் வருகிறது, அதனால் ஜபர் வேண்டும். ஆசிரியர் எல்லார் முன்னாலும் திருத்தினார். 'இனி யாரும் என்னைப் பிழை பிடிக்க முடியாத ஒரு கல்வியைத் தேடுகிறேன்' என்று எழுந்துபோனவர் இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மதிடம் சேர்ந்தார். 796 வாக்கில் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற நூலுக்குப் பெயர்கூட இல்லை. 'அல்கிதாப்', அதாவது 'நூல்', என்றே உலகம் அழைக்கிறது.

அந்த நூலின் தொடக்கத்திலேயே சின்ன அத்தியாயம் ஒன்று உண்டு. பேச்சில் எது நேரானது, எது நடக்காதது என்று பிரிக்கிறார். 'நேற்று உன்னிடம் வந்தேன்' என்பது நேரானது, நல்லது. 'நாளை உன்னிடம் வந்தேன்' என்பது நடக்காதது. 'மலையைத் தூக்கினேன்', 'கடல் நீரைக் குடித்தேன்' என்பவை நேரானவை, ஆனால் பொய். சொற்களை இடம் மாற்றிப் போட்டால் நேரானது, ஆனால் அசிங்கமானது. 'நேற்று கடல் நீரைக் குடிப்பேன்' என்பது நடக்காததும் பொய்யும். இங்கே அவர் கையாளும் சொற்களைக் கவனியுங்கள்: ஹஸன், கபீஹ். நல்லது, கெட்டது. மனிதர்களின் நடத்தையைப் பற்றிப் பேசும் சொற்கள் இவை. நூல் நெடுக ஷர்த்து, பதல், இவளு, ஹுஜ்ஜா என்று நிபந்தனை, மாற்று, ஈடு, ஆதாரம் பற்றிய சொற்கள் வருகின்றன. ஒப்பந்தமும் வழக்கும் பேசுகிறவர்களின் வாயில் புழங்கியவை. மைக்கேல் கார்ட்டர் என்ற ஆய்வாளர் 1972இல் இதையெல்லாம் அடுக்கிக் காட்டி, அரபு இலக்கணம் கிரேக்கத் தர்க்கத்திலிருந்து வந்ததல்ல, சட்டத்தின் பக்கத்திலிருந்து வளர்ந்தது என்று வாதிட்டார். பேச்சும் ஒரு மனிதச் செயல். செயல்களை எடைபோடும் அளவுகோலாலேயே ஸீபவைஹி பேச்சையும் எடைபோட்டார் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதில் எனக்கு உடன்பாடு உண்டு, ஒரு எச்சரிக்கையோடு. எட்டாம் நூற்றாண்டின் பஸராவையும் கூஃபாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பள்ளிவாசலில் ஒரு தூணருகே ஹதீஸ் வட்டம், அடுத்த தூணருகே சட்ட வட்டம், அதற்கடுத்து ஓதல் வட்டம். மாணவன் ஒன்றிலிருந்து எழுந்து மற்றதில் உட்காருகிறான். 'கியாஸ்', அதாவது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு விதியை நீட்டுவது, பஸராவின் இப்னு அபீ இஸ்ஹாக் (இறப்பு 735) காலத்திலேயே இலக்கணத்தில் பெயர்பெற்றுவிட்டது. இமாம் ஷாஃபிஈ 'ரிஸாலா'வில் கியாஸுக்கு வரம்பு கட்டியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. ஆகவே தொடக்கக் காலத்தில் 'யார் யாருக்குக் கொடுத்தார்' என்ற கேள்விக்கே அவ்வளவு இடமில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். அபூ ஹனீஃபாவின் இன்னொரு மாணவரான முஹம்மது இப்னுல் ஹஸன் ஷைபானீயையும் கிஸாஈயையும் ஈரானின் ரைய் நகரப் பகுதியில் 805இல் அடக்கம் செய்தபோது, 'ஃபிக்ஹையும் நஹ்வையும் இன்று ரையில் புதைத்துவிட்டேன்' என்று ஹாரூன் ரஷீத் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

ஷாஃபிஈயைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பாலைவனத்து ஹுதைல் குலத்தாரிடம் போய் அரபியைக் கற்றவர் அவர். உஸூலின் முதல் நூலாக எண்ணப்படும் 'ரிஸாலா'வில், குர்ஆன் அரபு மொழியில் இறங்கியது என்பதை ஒரு சட்ட வாதமாகவே வைக்கிறார். அரபி மிக விரிந்த மொழி, ஒரு நபியைத் தவிர வேறு எவரும் அதை முழுமையாக அறிந்ததில்லை என்கிறார். அரபிகள் பொதுவான சொல்லைச் சொல்லிவிட்டு அதில் ஒரு பகுதியை மட்டும் கருதுவார்கள்; ஒரே பெயரால் பல பொருளைக் குறிப்பார்கள். இந்த வழக்கம் தெரியாதவன் வசனத்திலிருந்து சட்டம் எடுக்க வரக் கூடாது என்பது அவருடைய நிலை. மதரஸாவில் நஹ்வு முன்னால் நிற்பதற்கான முதல் காரணம் இங்கே இருக்கிறது.

இனி, சொன்னபடி ஒரு வசனம். ஒளூவை (தொழுகைக்கு முன் உடலைச் சுத்தம் செய்வதை) பற்றிய குர்ஆன் 5:6. 'ஃபக்ஸிலூ வுஜூஹகும் வஅய்தியகும் இலல் மராஃபிகி வம்ஸஹூ பிருஊஸிகும் வஅர்ஜுலகும் இலல் கஅபைன்.' உங்கள் முகங்களையும் முழங்கைகள் வரை உங்கள் கைகளையும் கழுவுங்கள். உங்கள் தலைகளைத் தடவுங்கள். கணுக்கால்கள் வரை உங்கள் பாதங்களையும். பாதங்களை என்ன செய்வது? அரபியில் வினை முன்னால் வந்துவிடுவதால் கடைசிச் சொல் தொங்கிக்கொண்டே நிற்க முடிகிறது. தமிழில் வினை கடைசியில் வந்தே தீர வேண்டும். அதனால்தான் தமிழ் மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'கழுவுங்கள்' என்று போட வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அங்கே ஒரு சட்ட முடிவை எடுத்துவிடுகிறார்.

அந்தச் சொல் இரண்டு விதமாக ஓதப்படுகிறது. நாஃபிஉ, இப்னு ஆமிர், கிஸாஈ ஆகியோரும், ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸும் 'அர்ஜுலகும்' என்று ஜபரோடு ஓதினார்கள். நம் ஊர்களில் அச்சாகும் குர்ஆனில் இருப்பது ஹஃப்ஸின் ஓதல். இப்னு கஸீர், அபூ அம்ரு, ஹம்ஸா ஆகியோரும், அதே ஆஸிமிடமிருந்து ஷுஅபாவும் 'அர்ஜுலிகும்' என்று ஜேரோடு ஓதினார்கள். இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓதல்களே. ஜபர் என்றால் பாதங்கள் முகங்களோடும் கைகளோடும் சேர்கின்றன, கழுவ வேண்டும். ஜேர் என்றால் தலைகளோடு சேர்கின்றன, தடவ வேண்டும். சுன்னீ மத்ஹபுகள் கழுவச் சொல்கின்றன, இமாமிய்யா ஷியாக்கள் தடவச் சொல்கிறார்கள். ஆளுக்கொரு ஓதல், ஆளுக்கொரு சட்டம் என்று கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் இரு தரப்பாரும் இரண்டு ஓதல்களுக்குமே விளக்கம் சொல்கிறார்கள். ஜபரில் வந்தாலும் தடவுவதுதான் என்கிறார்கள் ஷியா அறிஞர்கள். 'பிருஊஸிகும்' என்பதில் உள்ள ஜேர் 'பி' என்ற இடைச்சொல்லால் வந்தது. உண்மையில் அது 'தடவுங்கள்' என்ற வினைக்குச் செயப்படுபொருள். அதன் இடம் ஜபருக்குரிய இடம். அந்த இடத்தோடு பாதங்களைச் சேர்க்கலாம். இதற்கு ஸீபவைஹியே ஒரு கவிதை வரியைச் சான்று தருகிறார்: 'ஃபலஸ்னா பில்ஜிபாலி வலல் ஹதீதா', நாங்கள் மலைகளும் அல்ல, இரும்பும் அல்ல. மலைகளுக்கு 'பி'யால் ஜேர். இரும்புக்கோ, அந்த இடத்தை நினைத்து ஜபர். கேள்விக்கு இடமில்லாத இலக்கண வாதம்தான் இது. அதோடு, பாதங்களைக் கொண்டுபோய் முகங்களோடு சேர்த்தால் நடுவில் இன்னொரு முழுக் கட்டளை குறுக்கே நிற்கிறதே என்றும் கேட்கிறார்கள்.

சுன்னீ அறிஞர்களில் சிலர் ஜேருக்குப் 'பக்கத்துச் சொல்லின் ஒட்டு' என்று விளக்கம் சொன்னார்கள். 'ஹாதா ஜுஹ்ரு ளப்பின் கரிபின்' என்று அரபிகள் சொல்வார்கள்: இது இடிந்துபோன உடும்புப் பொந்து. இடிந்தது பொந்து, ஆனால் 'இடிந்த' என்ற சொல் பக்கத்தில் இருக்கும் உடும்பின் ஜேரை வாங்கிக்கொள்கிறது. அதுபோலப் பாதங்களும் தலைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜேர் பெற்றன, பொருளில் முகங்களோடுதான் சேர்ந்தவை. நேர்மையாகச் சொன்னால் இது பலவீனமான வாதம். இந்த ஒட்டு அபூர்வம், நடுவில் 'வ' என்ற இணைப்புச் சொல் இருக்கும்போது அது வராது என்று சுன்னீ இலக்கண அறிஞர்களே பலர் மறுத்திருக்கிறார்கள். ஸமக்ஷரீ (1075–1144) சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது: பாதங்களைக் கழுவும்போதுதான் மனிதர்கள் தண்ணீரை அதிகம் வீணாக்குகிறார்கள், சிக்கனமாகக் கழுவுங்கள் என்று உணர்த்தவே தடவலோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. 'கணுக்கால்கள் வரை' என்று எல்லை போட்டிருப்பதே கழுவுதலைக் காட்டுகிறது, தடவலுக்கு எங்கும் இப்படி எல்லை சொல்லப்படவில்லை என்றும் அவர் சேர்க்கிறார். ஜேர் ஓதல் தோலுறை அணிந்த கால்மீது தடவுவதைக் குறிக்கும் என்றும் சிலர் சொன்னார்கள்.

கடைசியில் எது முடிவு செய்தது? ஹதீஸ். குதிகால் நனையாமல் ஒளூச் செய்தவர்களைப் பார்த்து, 'அந்தக் குதிகால்களுக்கு நரகத்தின் கேடுதான்' என்று நபியவர்கள் எச்சரித்தது சுன்னீகளுக்கு முடிவு. தங்கள் இமாம்களின் அறிவிப்புகள் ஷியாக்களுக்கு முடிவு. இலக்கணம் இரண்டு வாசலையும் திறந்துவைத்தது, அவ்வளவுதான். எந்த வாசலில் நுழைவது என்பதைச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. இதை நஹ்வின் குறையாக நான் பார்ப்பதில்லை. எதிர்த்தரப்பின் வாசலும் ஒரு வாசல்தான், சுவரில் போட்ட ஓட்டை அல்ல என்று நமக்குத் தெரிவதே பெரிய விஷயம்.

அதே வசனத்தின் 'பி'யை விட்டுவிட மனமில்லை. தலையில் எவ்வளவு தடவினால் கடமை நிறைவேறும்? முழுத் தலையும் என்றார் மாலிக். நெற்றி முடி அளவு, அதாவது கால் பங்கு என்றார்கள் ஹனஃபீகள். ஒரு சில முடியளவு பட்டாலும் போதும் என்றார்கள் ஷாஃபிஈகள். 'பி' இங்கே 'ஒரு பகுதி' என்ற பொருள் தருகிறது என்று அவர்களில் பலர் விளக்கினார்கள். தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம், உள்நாட்டில் ஹனஃபீகள் அதிகம். இருவரும் சேர்ந்து புழங்கும் ஒரு பள்ளிவாசலின் ஹவுளில் (ஒளூத் தொட்டியருகே) உட்கார்ந்து கவனித்தால், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பேர் தலையைத் தடவும் விதத்தில் இந்த ஒற்றை எழுத்தின் விவகாரத்தைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் பற்றி இப்னு ஜின்னீ (இறப்பு 1002) கறாராக ஒரு வரி எழுதினார்: 'பி' பகுதியைக் குறிக்கும் என்று ஷாஃபிஈயின் தோழர்கள் சொல்வது எங்கள் தோழர்கள் அறியாத ஒன்று, அதற்குச் சான்றும் வரவில்லை. பின்னால் வந்த இலக்கண அறிஞர்களில் சிலர் அந்தப் பொருளை ஒப்புக்கொண்டார்கள். சட்டத்தின் நெருக்கடி இலக்கணத்தை ஒரு சொல்லுக்கு மறுபடி சான்று தேடவைத்திருக்கிறது.

இன்னொன்று, சுருக்கமாக. தலாக் சொல்லப்பட்ட பெண் 'மூன்று குரூஉ' காத்திருக்க வேண்டும் என்கிறது 2:228. 'குர்உ' என்ற சொல்லுக்கு மாதவிடாய் என்றும் பொருள், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் உள்ள தூய்மைக் காலம் என்றும் பொருள். ஷாஃபிஈகளும் மாலிகீகளும் தூய்மை என்றார்கள், ஹனஃபீகள் மாதவிடாய் என்றார்கள். இத்தா, அதாவது அந்தக் காத்திருப்புக் காலம், முடியும் நாளே இதனால் மாறும். முன்னவர்கள் தரப்பில் ஒரு எண்ணுப்பெயர் வாதம் உண்டு. அரபியில் மூன்றிலிருந்து பத்துவரை எண்ணும்போது, எண்ணப்படும் பொருள் ஆண்பாலாக இருந்தால் எண் பெண்பால் விகுதி பெறும். வசனத்தில் 'ஸலாஸத்த' என்று விகுதியோடு இருக்கிறது. 'துஹ்ர்' என்ற தூய்மை ஆண்பால், 'ஹைளா' என்ற மாதவிடாய் பெண்பால். எனவே தூய்மைதான் என்றார்கள். ஹனஃபீகளின் பதில்: எண் சேர்ந்திருப்பது 'குர்உ' என்ற சொல்லோடு, அந்தச் சொல் எப்படியும் ஆண்பால்தானே! இதற்குமேல் நஹ்விடம் கேட்டுப் பயனில்லை.

இங்கே உஸூல்காரர்கள் ஒரு படி முன்னே போனார்கள். 'ஸல்லி', தொழு, என்பது ஏவல் வினை. இறுதி எழுத்து ஏன் விழுந்தது என்று சொல்வதோடு இலக்கணத்தின் வேலை முடிகிறது. ஆனால் ஏவல் என்றாலே கட்டாயமா? உடனே செய்ய வேண்டுமா, பொறுத்துச் செய்யலாமா? ஒருமுறையா, திரும்பத் திரும்பவா? இஹ்ராமை (ஹஜ் யாத்திரைக்கான கட்டுப்பாட்டு நிலையை) களைந்ததும் 'வேட்டையாடுங்கள்' என்கிறது 5:2. அது கட்டளையா, இதுவரை இருந்த தடை நீங்கிவிட்டது என்ற அனுமதியா? இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (1028–1085) இதைத் தெளிவாகச் சொல்கிறார்: மொழியறிஞர்கள் கவனிக்காமல் விட்ட ஏவல், விலக்கல், பொது, சிறப்பு போன்றவற்றை உஸூல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரபிகளின் பேச்சில் நஹ்வுக்காரர்களும் அகராதிக்காரர்களும் எட்டாத நுட்பங்களை உஸூல்காரர்கள் எட்டினார்கள் என்று தகிய்யுத்தீன் ஸுப்கீயும் பின்னால் எழுதினார். எனக்கு இது நியாயமான உரிமைகோரலாகவே படுகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 24:4-5. கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்தி நான்கு சாட்சி கொண்டுவராதவர்களுக்கு எண்பது கசையடி கொடுங்கள், அவர்கள் சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள், அவர்களே பாவிகள், அதன்பின் திருந்தியவர்களைத் தவிர. இந்தத் 'தவிர' எதுவரை பின்னோக்கிப் போகிறது? தனக்கு முந்தைய வாக்கியத்துக்கு மட்டும் என்றார்கள் ஹனஃபீகள். ஆக, திருந்தியவன் பாவி அல்ல, ஆனால் அவன் சாட்சியம் காலம் முழுக்கச் செல்லாது. சேர்ந்துவந்த வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் போகும் என்றார்கள் ஷாஃபிஈகள். ஆக, திருந்தியவன் சாட்சி சொல்லலாம். கசையடி மட்டும் பிறர் உரிமை என்பதால் திருந்தியதனால் போகாது. 'தவிர' என்று பொருள்படும் 'இல்லா'வுக்குப் பின் ஜபர் வரும் என்பதை முதலாண்டு மாணவனும் சொல்லிவிடுவான். அது எத்தனை வாக்கியத்தைத் தொடும் என்பது ஒரு மனிதன் நீதிமன்றத்தில் மறுபடி நம்பப்படுவானா என்ற கேள்வி.

இதுவரை இலக்கணம் சட்டத்துக்குக் கொடுத்தது. எதிர்த்திசை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஜின்னீ 'கஸாயிஸ்' நூலின் முன்னுரையில் ஒரு குறையைச் சொல்கிறார்: பஸரா, கூஃபா என்ற இரண்டு ஊர் அறிஞர்களில் எவரும், கலாமுக்கும் (இறையியல் வாதக்கலை) ஃபிக்ஹுக்கும் (சட்டம்) உஸூல் இருப்பதுபோல நஹ்வுக்கு உஸூல் செய்ய முன்வரவில்லை. அதை அவர் செய்தார். முஹம்மது இப்னுல் ஹஸனின் நூல்களில் சிதறிக்கிடக்கும் காரணங்களைச் சட்ட அறிஞர்கள் பக்குவமாகப் பொறுக்கிச் சேர்ப்பதுபோல, முன்னோர்களின் பேச்சிலிருந்து இலக்கணக் காரணங்களைச் சேர்த்தார். ஹனஃபீகளின் 'இஸ்திஹ்ஸான்' (நேரான கியாஸை விட்டு நல்லதெனப் படுவதை எடுப்பது) என்ற பெயரிலேயே ஒரு அத்தியாயமும் வைத்தார். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்றும் கண்டார். எழுவாய்க்குக் கனமான பேஷும் செயப்படுபொருளுக்கு இலேசான ஜபரும் ஏன் என்று கேட்டால், எழுவாய் வாக்கியத்துக்கு ஒன்றுதான், செயப்படுபொருள் பல வரும், அதிகம் வருவதற்கு நாக்கு இலேசானதைத் தேடும் என்று சொல்லலாம். உணர்ந்து பார்க்கவும் முடியும். தொழுகை ஏன் ஐந்து வேளை என்று கேட்டால் அப்படி ஒரு பதில் இல்லை. அதனால் நஹ்வின் காரணங்கள் ஃபிக்ஹை விடக் கலாமுக்கே நெருக்கம் என்றார்.

முழுச் சட்டையையும் உஸூலிலிருந்தே தைத்தவர் அபுல் பரகாத் இப்னுல் அன்பாரீ (1119–1181). பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் மாணவர்கள் கேட்டுக்கொண்டதால், ஷாஃபிஈக்கும் அபூ ஹனீஃபாவுக்கும் இடையிலான கருத்து வேறுபாடுகளைப் பேசும் நூல்களின் பாணியிலேயே பஸராக்காரர்களுக்கும் கூஃபாக்காரர்களுக்கும் இடையிலான 121 சிக்கல்களை 'இன்ஸாஃப்' என்ற நூலில் எழுதினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பஸரா பக்கமே சாய்ந்தார், ஏழில் மட்டும் கூஃபா பக்கம். இன்னொரு சிறு நூலில் நஹ்வின் ஆதாரங்கள் மூன்று என்றார்: நக்ல் (அறிவிப்பாக வந்தது), கியாஸ், இஸ்திஸ்ஹாப் (மாற்ற ஆதாரம் வரும்வரை முந்தைய நிலையையே கொள்வது). மொழியை அறிவிப்பவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, ஹதீஸ் அறிவிப்பாளரைப் போல நேர்மையானவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். கியாஸுக்கு அவர் தரும் உதாரணத்தைப் பாருங்கள். செயப்பாட்டு வினையில் 'ஸைத் அடிக்கப்பட்டான்' என்னும்போது ஸைதுக்கு ஏன் பேஷ்? மூலம்: எழுவாய். கிளை: எழுவாய் சொல்லப்படாத வினையின் செயப்படுபொருள். பொதுக் காரணம்: இரண்டின் மேலும் வினை சார்த்தப்படுகிறது. தீர்ப்பு: பேஷ். இதையே திராட்சை மது, பேரீச்சம்பழ ஊறல், போதை, ஹராம் என்று மாற்றிப் போட்டால் உஸூல் பாடத்தின் முதல் உதாரணம் வந்துவிடும். அச்சு ஒன்றுதான்.

சட்டத்தில் கியாஸை மறுத்தவர்கள் இலக்கணத்தில் என்ன செய்வார்கள்? ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த இப்னு மளாஉ (இறப்பு 1196) பதில் சொன்னார். முவஹ்ஹிதுகள் என்ற அரச மரபின் ஆட்சியில் தலைமைக் காஜியாக இருந்தவர், வெளிப்படையான வாசகத்தைத் தாண்டாத ளாஹிரீ போக்கினர். 'காம ஸைதுன்' என்பதில் ஸைதுக்கு ஏன் பேஷ்? எழுவாய் என்பதால். எழுவாய்க்கு ஏன் பேஷ்? அரபிகள் அப்படிப் பேசினார்கள், அதோடு நிறுத்து என்றார். ஒன்று ஹராம் என்று வாசகம் சொல்லிவிட்டால் ஏன் என்று துருவ வேண்டியதில்லை என்பதுபோலத்தான் இதுவும். இலக்கணக்காரர்கள் வாக்கியத்தில் இல்லாத வினைகளை 'மறைந்திருக்கிறது' என்று கற்பிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். குர்ஆனில் அப்படிச் செய்தால் இறைவாக்கில் இல்லாததைக் கூட்டுவதாகும் என்று நடுங்கினார். அவருடைய நூலை 1947இல் கெய்ரோவில் ஷவ்கீ ளைஃப் பதிப்பித்தபோது, இலக்கணப் பாடத்தை எளிதாக்க வேண்டும் என்று பேசியவர்களுக்கு அது பெரிய துணையானது. அவர் முடிவுகளோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. ஆனால் சட்டத்தில் ஒருவர் எடுக்கும் நிலை இலக்கணம்வரை எப்படி நீள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆள் எனக்குத் தெரியாது.

பஸராவின் ஜர்மீ (இறப்பு 840) என்ற இலக்கண அறிஞர், 'முப்பது ஆண்டுகளாக ஸீபவைஹியின் நூலிலிருந்து மக்களுக்கு ஃபிக்ஹில் ஃபத்வா சொல்லிவருகிறேன்' என்றாராம். இலக்கண நூலிலிருந்து ஃபத்வாவா? அவர் ஹதீஸ் தெரிந்தவர், அந்த நூலிலிருந்து ஆராயும் முறையைக் கற்றார் என்று விளக்கினார்கள். ஸ்பெயினின் கிரனாடாவைச் சேர்ந்த ஷாத்திபீ (இறப்பு 1388) இதை எடுத்துக்கொண்டு இன்னும் தெளிவாக்கினார். ஸீபவைஹி எழுவாய்க்குப் பேஷ் என்பதோடு நின்றவர் அல்ல, சொல்லிலும் பொருளிலும் அரபிகள் எப்படியெல்லாம் புழங்கினார்கள், எதைக் கருதினார்கள் என்பதைக் காட்டினார் என்கிறார். அரபியில் தொடக்க நிலையில் இருப்பவன் ஷரீஅத்திலும் தொடக்க நிலையில்தான், நடுநிலையில் இருப்பவன் அங்கேயும் நடுநிலையில்தான் என்று அளவு சொன்னவரும் இவரே. சட்டத்தின் நோக்கங்களைப் பற்றி 'முவாஃபகாத்' எழுதிய அதே கை 'அல்ஃபிய்யா' என்ற இலக்கணச் செய்யுள் நூலுக்குப் பெரிய விரிவுரையும் எழுதியது.

நீங்கள் நஹ்வில் இருக்கிறீர்கள், உஸூல் இன்னும் தொடங்கவில்லை என்றால், காத்திருக்க வேண்டாம். 5:6ஐ ஒரு தாளில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் இஃராப் போடுங்கள் (வாக்கியத்தில் அதன் இலக்கண நிலையைக் குறியுங்கள்). 'பி'யின் பக்கத்தில் மூன்று இமாம்களின் அளவையும், 'வ'வின் பக்கத்தில் வரிசைமுறை கட்டாயமா என்ற கேள்வியையும், 'இலா'வின் பக்கத்தில் முழங்கை உள்ளே சேருமா வெளியே நிற்குமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) அந்தத் தாளோடு போய் உட்காருங்கள்.